எச்டிஆர் படங்களில் வெளிச்சத்தின் வரிசை

ஓராண்டாக மலை, கடல், காடு என்று வெளிப்புறக் காட்சிகளை எடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுக்கும் கேமராவின் பிராக்கெட்டிங் வசதியில் மூன்று படங்களை எடுத்து, எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அகன்ற படம்) முறையில் மென்பொருளில் இணைத்தாலும், கிடைப்பது ஒளிப்படம்போல் இல்லாமல் வண்ணம் பூசிய ஓவியம்போல் இருக்கிறது என்பது உங்கள் குறை. மலை முகட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது, இலைகள் இரட்டையாகத் தெரிகின்றன, நிழலைத் தூக்கினால் எல்லாம் நீலமாகிறது என்று மூன்று கோளாறுகளையும் சொல்லி, இந்த முறையை எப்படிக் கற்று மெருகேற்றுவது, இதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று கோளாறுகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம். படம் ஓவியம்போல் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: காட்சியில் இருந்த வெளிச்சத்தின் வரிசை படத்தில் குலைந்துவிடுகிறது.

வரிசை என்று நான் சொல்வது இதைத்தான். காலை வெயிலில் ஒரு காட்டோரம் நிற்கிறீர்கள் என்றால், சூரியனை ஒட்டிய வானம் முதலிடத்திலும், மேகத்தின் விளிம்பு அடுத்தும், வெயில் விழும் புல் அதற்கடுத்தும், மரத்தடிப் பாறை அதற்கும் கீழும், பாறையின் அடியிலுள்ள பொந்து கடைசியிலும் இருக்கும். இந்தப் படிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை எவ்வளவு குறைத்தாலும் நம் கண் ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் கண்ணும் மூளையும் நாள் முழுவதும் செய்வது அதைத்தான். படிகளின் இடம் மாறினால் மட்டும் கண் உடனே சந்தேகப்படும். மென்பொருளில் வெளிச்சப் பகுதிக்கான ஹைலைட் அளவை அடிமட்டத்துக்கும் நிழல் பகுதிக்கான ஷேடோ அளவை உச்சத்துக்கும் தள்ளும்போது, மரத்தடிப் பாறை வானத்தைவிட வெளிச்சமாகிவிடுகிறது. வெளிச்சம் தருகிற வானம், அதனால் வெளிச்சம் பெறுகிற நிழற்பாறையைவிட மங்கியிருக்க முடியாது என்பது படக்கலை தெரியாதவர்களுக்கும் உள்ளூரத் தெரியும். அதனால்தான் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘ஏதோ பொய்யாக இருக்கிறது’ என்கிறார்கள். வானம் எப்போதுமே நிலத்தைவிட வெளிச்சமானது என்று இதை ஒரு விதியாக்கிக்கொள்ளவும் கூடாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, வெயில் படும் வெண்மணலும் பனியும் எதிரேயுள்ள அடர்நீல வானத்தைவிட அதிக வெளிச்சமாக இருக்கும். ஆகவே அந்தந்த இடத்தில் நின்று பார்த்து, வரிசையை அங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வதுதான் வழி.

அடுத்து, எந்தக் காட்சிக்கு இந்த முறை தேவை என்பதைத் தீர்மானிக்கப் பழகுங்கள். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது. 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு, 20 ஸ்டாப் என்றால் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு. இன்றைய நல்ல முழுச்சட்டக சென்சார்கள் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) அளவில் சுமார் 14 ஸ்டாப் வரை பதிகின்றன என்றாலும், அந்தக் கணக்கின் கீழ்ப்பகுதி முழுவதும் நாய்ஸ் எனப்படும் புள்ளி இரைச்சலில் மூழ்கியிருப்பதால், நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது அதைவிடக் குறைவு. மேகமூட்டமான நாளில் வானத்தைத் தவிர்த்து எடுக்கும் அருவிக்கும், மூடுபனியில் நிற்கும் மரங்களுக்கும் சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு ஒன்றே தாராளமாகப் போதும். அத்தகைய காட்சிகளை மூன்றாக எடுத்து இணைப்பது வீண்வேலை. அதோடு மூடுபனியின் மென்மையையே, வெளிச்ச வீச்சைச் சுருக்கும் டோன் மேப்பிங் தின்றுவிடும். சூரியனுக்கு எதிரே கருநிழலாக நிற்கும் தனிமரத்தின் அழகு அந்தக் கருமையில்தான் இருக்கிறது. அங்கே பட்டையின் வரிகளைத் தோண்டியெடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தேவையா இல்லையா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். நான் சொன்ன அதே காட்டோரத்தை எடுத்துக்கொள்வோம். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 11, ஐஎஸ்ஓவை 100 என்று நிறுத்திவிட்டு, ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் முதலில் மிக வெளிச்சமான மேகத்தை அளக்கிறீர்கள். கேமரா 1/2000 நொடி என்கிறது. அடுத்து, விவரம் தெரிய வேண்டும் என்று நீங்கள் விரும்பும் இடங்களிலேயே மிக இருண்டதான மரத்தடிப் பாறையை அளக்கிறீர்கள். 1/4 நொடி என்கிறது. இரண்டுக்கும் இடையே 500 மடங்கு, அதாவது சுமார் 9 ஸ்டாப் வித்தியாசம். மீட்டர் எதை அளந்தாலும் அதை நடுச் சாம்பலாக ஆக்கும் வேகத்தைத்தான் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. மேகம் சாம்பலாக இருக்க வேண்டியதில்லை. நடுச் சாம்பலுக்குச் சுமார் 3 ஸ்டாப் மேலே அதை வைத்தாலும் ரா கோப்பில் பெரும்பாலும் விவரம் தங்கும். எனவே மேகத்துக்கான வேகம் 1/250 நொடி ஆகிறது. அந்த வேகத்தில் பாறை நடுச் சாம்பலுக்கு 6 ஸ்டாப் கீழே கிடக்கும். நல்ல சென்சாரில் அதையும் தூக்கிவிடலாம், ஆனால் பாறையின் சொரசொரப்பு எது, நாய்ஸ் எது என்று பிரித்தறிய முடியாதபடி இருக்கும். இப்போது 1/250, 1/60, 1/15 என்று இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்தால், கடைசிப் படத்தில் அதே பாறை நடுச் சாம்பலுக்கு 2 ஸ்டாப் மட்டுமே கீழே இருக்கும். அந்தப் படத்தில் பாறைக்கு 16 மடங்கு அதிக ஒளி கிடைத்திருப்பதால், ஒளித்துகள்களின் இயல்பால் வரும் நாய்ஸ், பாறையின் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிராக்கெட்டிங்கின் பயன் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது: வெளிச்சப் பகுதி வெந்துபோகாத (விவரம் இழந்து வெறும் வெண்மையாகிவிடாத) ஒரு படமும், நிழல் சுத்தமாக இருக்கும் ஒரு படமும் கையில் இருக்க வேண்டும், நடுவிலுள்ளது அவற்றை இணைக்கும் பாலம். கேமரா தானாகத் தேர்ந்த எக்ஸ்போஷரை (சென்சாரில் விழும் ஒளியின் அளவை) நடுவில் வைத்துக் குருட்டாம்போக்கில் மேலும் கீழும் இரண்டு ஸ்டாப் எடுப்பதால்தான், பலருடைய தொகுப்பில் மூன்று படங்கள் இருந்தும் மேகம் மூன்றிலும் வெந்திருக்கிறது.

எடுக்கும்போது மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டுமே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்க காலத்தில் ஒரு மலைப்பயணம் முழுவதும் கேமராவை ஷட்டர் முன்னுரிமை நிலையில் வைத்துவிட்டு பிராக்கெட்டிங் செய்தேன். வேகத்தை நான் பூட்டிவிட்டதால், பாவம் அந்தக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அப்பர்ச்சரை மாற்றிக்கொண்டே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு படத்தில் முன்னிலைப் புல் கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் இருந்தது; எந்த மென்பொருளாலும் அவற்றைச் சேர்க்க முடியவில்லை. அப்பர்ச்சர் முன்னுரிமை அல்லது மேனுவல் நிலை, மாறாத ஐஎஸ்ஓ, ஒருமுறை குவித்தபின் மேனுவலுக்கு மாற்றிய ஃபோக்கஸ், ரா கோப்பு ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முக்காலியில் வைத்தால், அதிர்வைத் தவிர்க்க இரண்டு நொடி டைமரோ ரிமோட்டோ போதும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை முக்காலியில் அணைக்க வேண்டுமா என்பதற்கு அந்தந்தக் கருவியின் கையேடு சொல்வதைக் கேளுங்கள். முக்காலி இல்லாத இடத்தில் தொடர் ஷாட்டில் வைத்துக் கையிலேயே எடுக்கலாம். மென்பொருள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளும், ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான்.

எந்த வெளிச்ச அளவு படத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்புவதிலும் ஒரு நிதானம் வேண்டும். கேமராவின் பின்திரையில் தெரிவது ரா கோப்பின் வரைபடம் இல்லை. கேமரா உள்ளுக்குள் தயாரிக்கும் ஜேபெக் முன்னோட்டத்தின் வரைபடம். படத்தோற்ற அமைப்பை ‘நியூட்ரல்’ போன்ற மென்மையான நிலையில் வைத்தால் அது ரா கோப்புக்குச் சற்று நெருங்கிவரும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். சூரியன் மறையும் நேரத்தில் மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதி நிற்கும். சிவப்பு வெந்துபோன மேகம் பின்னர் எவ்வளவு குறைத்தாலும் தட்டையான மஞ்சள் திட்டாகத்தான் இருக்கும்.

சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் அதன் வட்டத்துக்குள் விவரம் தேட வேண்டாம். அது வெண்மையாகத்தான் இருக்க வேண்டும். வெண்மையிலிருந்து மஞ்சளுக்கும் நீலத்துக்கும் போகும் வழி படிப்படியாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இங்கே பலர் சென்சாரைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் தடையாக நிற்பது பெரும்பாலும் லென்ஸ். கண்ணாடிப் பரப்புகளில் சிதறும் ஒளி நிழல்மீது மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. நீண்ட எக்ஸ்போஷரில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துவைப்பது இதற்குப் பாதி மருந்து. மறுபாதிக்கு நான் செய்வது: முக்காலியிலிருந்து வழக்கமான தொகுப்பை எடுத்து முடித்ததும், சூரியனை மட்டும் விரலால் மறைத்து, நிழலுக்கான நீண்ட எக்ஸ்போஷரை இன்னொரு முறை எடுத்துக்கொள்வேன். விரல் தெரியும் பகுதியை மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துக் கையாள உதவும் மறைப்பு) போட்டு விலக்கிவிட்டு, தரைப்பகுதியை மட்டும் அந்தப் படத்திலிருந்து எடுத்தால், கருமை கருமையாகவே கிடைக்கும்.

இனி இலைகளில் தெரியும் இரட்டை உருவம். மூன்று படங்களுக்கு இடையில் காற்று கிளையை நகர்த்திவிடுகிறது. மென்பொருள் மூன்று இடங்களில் இருந்த ஒரே இலையைக் கலந்து பேய் உருவமாக்குகிறது. டீகோஸ்ட் வசதி, அந்த இடத்துக்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து மற்றவற்றை விலக்குகிறது. தேர்ந்த படம் குறைந்த எக்ஸ்போஷர் கொண்டதாக இருந்தால், அந்தத் திட்டில் மட்டும் நாய்ஸ் கூடித் தெரியும் என்பதால், தேவையான அளவுக்கு மேல் அந்த வசதியைத் தள்ளாதீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் நான் பிராக்கெட்டிங்கையே கைவிட்டு, மேகம் வேகாத ஒரே எக்ஸ்போஷரில் காற்று ஓயும் நொடிக்காகக் காத்திருந்து எடுப்பேன். இலையின் கூர்மைக்காக நிழலில் கொஞ்சம் நாய்ஸைப் பொறுத்துக்கொள்வது நல்ல பேரம் என்பது என் கருத்து. கடலலையும் அப்படித்தான்: அலைக்கு ஒரு படம், அசையாத பாறைக்கு இன்னொரு படம் என்று பிரித்துக்கொண்டு கையால் சேர்ப்பதே நல்லது.

கையால் சேர்ப்பது என்றதும் புதிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அக்காலத்து கொலோடியன் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக எதிர்வினை காட்டியதால் வானம் வெற்று வெண்மையாகிவிடும். அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து ஒரே அச்சாக்கினார். இன்று லேயரும் (படங்களின் அடுக்கும்) மாஸ்க்கும் கொண்டு செய்வது அதே வேலை. படங்களைச் சேர்க்கும் முதல் வழி இது. இரண்டாவது வழி கணக்கு வழி: 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்டெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் நீங்கள் இணைக்கும்போது கிடைப்பது இந்த வழியில் வந்த, வெளிச்ச வீச்சு அகன்ற கோப்பு. அதைத் திரையில் பொருந்தும்படி சுருக்குவதுதான் டோன் மேப்பிங். மூன்றாவது வழி 2007இல் மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் ஆகியோர் முன்வைத்த எக்ஸ்போஷர் ஃப்யூஷன். இது ஒளி அளவை மீட்பதில்லை; ஒவ்வொரு படத்திலும் மாறுபாடும் நிறச்செறிவும் நல்ல எக்ஸ்போஷரும் உள்ள பகுதிகளுக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கிறது. இயல்பான தோற்றம் எளிதில் கிடைப்பதால், தொடங்குகிறவர்களுக்கு இதை நான் அதிகம் பரிந்துரைப்பேன்.

மலை முகட்டின் வெள்ளைக் கோடு டோன் மேப்பிங்கில் பிறப்பது. சுருக்கும் முறைகளில் படம் முழுவதற்கும் ஒரே வளைகோட்டைப் பயன்படுத்துபவை ஒரு வகை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்து முடிவெடுப்பவை மற்றொரு வகை. இரண்டாவது வகை, முகட்டை ஒட்டிய வானத்தைக் கணக்கிடும்போது பக்கத்திலுள்ள இருண்ட மலையையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. ‘இந்தப் பகுதி இருட்டு, தூக்கு’ என்று முடிவு செய்து, மலையோடு சேர்த்து வானத்தின் ஓரத்தையும் தூக்கிவிடுகிறது. அதுதான் அந்தக் கோடு. மாறுபாட்டைக் கூட்டும் கிளாரிட்டி, மங்கலை நீக்கும் டீஹேஸ் ஆகியவற்றைப் படம் முழுவதும் ஏற்றினாலும் இதே ஒளிவட்டம் வரும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முகட்டின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நகர்ந்து பாருங்கள். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். மெல்லிய கோடு முதலாவதில் தெரியும், அகன்ற மங்கல் வட்டம் இரண்டாவதில் தெரியும். சரிசெய்ய, ஷேடோவையும் கிளாரிட்டியையும் மொத்தமாகக் கூட்டுவதைவிட நிலப்பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதன் விளிம்பு வானத்துக்குள் கசியாதபடி அமைத்து, எக்ஸ்போஷரையே உயர்த்துங்கள். ஒரே சீராக உயர்த்திய எக்ஸ்போஷர் உள்வரிசையைக் குலைப்பதில்லை. பாறையும் பொந்தும் சேர்ந்தே மேலே வருகின்றன.

நிழல் நீலமாவது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. திறந்தவெளி நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். இருட்டாக இருந்தவரை அந்த நீலம் கண்ணில் படவில்லை. மூன்று ஸ்டாப் தூக்கியதும் வெளியே வந்துவிட்டது. நிழல் மாஸ்க்குக்குள் வெப்பத்தைச் சற்றுக் கூட்டி, நிறச்செறிவைச் சற்றுக் குறையுங்கள். முழுவதுமாக நீக்கிவிட்டால் நிழல் செத்துவிடும். வெயிலின் மஞ்சளுக்கு எதிரில் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கத்தான் வேண்டும்.

மெருகேற்றுவதற்கு ஒரே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். காட்சியை எடுத்து முடித்ததும் கேமராவை மூடிவிட்டு, எது முதல் வெளிச்சம், எது இரண்டாவது, எது கடைசி என்று ஐந்தாறு இடங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். திருத்தி முடித்த படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றி, அந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். நிறம் போனதும் இடம்மாறிய படிகள் பளிச்சென்று தெரியும். அதோடு, அதே தொகுப்பிலிருந்து மேகம் வேகாத ஒற்றை ராவைத் தனியாகத் திருத்தி, இணைத்த படத்தின் பக்கத்தில் வையுங்கள். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் ஒற்றைப் படமே போதுமானதாக இருந்ததைக் காண்பீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. மறுநாள் காலையில் மீண்டும் திறந்து பார்க்காமல் எதையும் முடிந்தது என்று வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் அளவுகளை நகர்த்திக்கொண்டிருந்த கண், மிகையையே இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். புதிய கைபேசிகளிலும் திரைகளிலும் ‘எச்டிஆர்’ என்று வருவது, படத்தைச் சுருக்காமல் வெளிச்சப் பகுதிகளை வழக்கமான திரையைவிடப் பிரகாசமாகவே காட்டும் ஏற்பாடு. நாம் பேசிக்கொண்டிருப்பது பல எக்ஸ்போஷர்களை இணைப்பது. இணைத்த கோப்பை அத்தகைய திரைக்கும் தயாரிக்கலாம். ஒற்றை ராவையும் தயாரிக்கலாம். ஆகவே ஒன்றைப் பற்றிய அறிவுரையை மற்றொன்றுக்குப் பொருத்திவிடாதீர்கள்.

தனி மென்பொருள் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்களிடம் உள்ள ரா மென்பொருளில் இணைக்கும் வசதியும் மாஸ்க்கும் இருந்தால், மேலே சொன்னவை அனைத்தையும் செய்யலாம். எக்ஸ்போஷர் ஃப்யூஷனுக்கு என்ஃப்யூஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட அந்த மலைப்படத்தின் மூன்று கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருந்தால், முதலில் மிகக் குறைந்த எக்ஸ்போஷர் கொண்டதை மட்டும் திறந்து, முகட்டுக்கு மேலுள்ள மேகத்தில் மூன்று நிறங்களும் தப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பியிருந்தால், டீகோஸ்ட்டைக் குறைந்த நிலையில் வைத்து மூன்றையும் புதிதாக இணைத்து, வேறு எந்த அளவையும் தொடாமல் நிலத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் உயர்த்தி நிறுத்துங்கள். நிலத்தை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், அதன் வெளிச்சம் வானத்தைவிட இன்னும் கீழேதான் இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் அடுத்த அரை ஸ்டாப்புக்குப் போங்கள்.